மூன்றாவது மடிப்பு

ஆராய்ச்சி மையத்தின் நடைவழி, கணினி செய்யும் தவறுக்கு ஏற்ப நீளும். நூற்றுக்கு ஒரு தவறென்றால் ஒரு கிலோமீட்டர். அன்று காலை ஜெசிந்தாவின் அறைக்கும் இயக்குநர் அறைக்கும் நடுவே முப்பத்தோரு கிலோமீட்டர் இருந்தது. மாலை ஐந்துக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி கோவிந்தா. நாற்காலியைக்கூட வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

கணினிக்கு அவள் பழக்கியது ஒரே வேலைதான். ஒரு புரதத்தின் எழுத்து வரிசையைப் பார்த்து, அது எப்படி மடியும் என்று சொல்ல வேண்டும்.

பதினொரு மணிக்குத் தவறு பூஜ்யமானது. நடைவழி படாரென்று சுருங்கி, இயக்குநர் தணிகாசலத்தின் மேஜை அவள் முழங்காலில் வந்து இடித்தது.

"போட்டுரவா?" என்றார், பேனாவைத் திறந்தபடி.

பூஜ்யமெல்லாம் லேசில் வருமா என்ன? ஜெசிந்தா பட்டியலைப் புரட்டினாள். பயிற்சிக்குக் கொடுத்த புரதங்களில் நாற்பது, பரீட்சையிலும் இருந்தன. சனியன், மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறது.

"வேணாம் சார். காப்பி அடிச்சிருக்கு."

"எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியுமே சார்."

பயிற்சியிலிருந்து நாற்பதையும் நீக்கினாள். தணிகாசலம் மேஜையோடு பின்னால் போய்க் கண்ணுக்கு மறைந்தார். இப்போது நாற்பத்தாறு கிலோமீட்டர்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே மறுபடி பழக்கினாள். பியூன் செபஸ்தியான் மொபெட்டில் டீ கொண்டுவந்தார்.

"ஆறிப்போச்சும்மா. இன்னும் கொஞ்சம் குறைங்களேன்."

குறைத்தாள். இருபது. ஒன்பது. நாலரை மணிக்கு இரண்டு. அதற்குமேல் ஒரு முழம்கூட அசையவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

விதிப்படி, கணினி பார்த்தேயிராத ஒரு புரதம் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். டோக்கனோடு காத்திருந்த புரதம் எழுந்து வந்து, இயக்குநர் எதிரே உட்கார்ந்து, தன்னை மடித்துக் காட்டியது. தணிகாசலம் அதை, கணினி சொன்ன மடிப்புகள் இருந்த ஜெசிந்தாவின் தாளோடு ஒப்பிட்டார்.

"மூணாவது மடிப்பு ஒத்து வரலியேம்மா."

"எத்தன தடவ கேட்டாலும் தாள்ல இருக்கறதுதான் என் பதில் சார்," என்றாள், மூச்சிரைக்க.

புரதம் எட்டித் தாளைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு கூச்சத்தோடு மூன்றாவது மடிப்பை அவிழ்த்து, தாளில் இருந்தபடி மடித்துக்கொண்டது.

"அவங்க சொல்றதுதான் சார் சரி. இத்தன வருஷமா நான்தான் தப்பா மடிஞ்சிருக்கேன். முதுகுவலி இப்பதான் விட்டுச்சு."

ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருந்தது. தணிகாசலம் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று போட்டார்.