பறவை வரிசையில் ஒரு முயல்

ஜப்பானிய மொழியில் எண்ணும்போது நாய் ஒன்று என்றால் ‘இப்பிகி’. இரண்டானால் ‘நிஹிகி’, மூன்றானால் ‘சன்பிகி’. மாடு ஒன்று ‘இத்தோ’, பறவை ஒன்று ‘இச்சிவா’. மண்டையைப் பிய்த்துக்கொண்டு இதுவரை வந்துவிட்டேன். முயலும் ‘இச்சிவா’ என்று புத்தகம் சொன்னதும் எரிச்சலாக வந்தது. நாலு காலும் நீளக் காதும் உள்ள ஜீவனைக் கிளியோடு சேர்த்து எண்ணுவானேன்?

ஜப்பானில் ஒரு விலங்கு மருத்துவமனை வேலைக்கு வெள்ளிக்கிழமை மொழித் தேர்வு. அதனால் காலையில் இங்கே நான் வேலை பார்க்கும் விலங்கு மருத்துவமனைப் பலகையில், கூண்டுக்கு ஒன்றாகத் தொங்கிய தீவன அட்டைகளையே ஜப்பான் கணக்குப்படி மாற்றி மாட்டிப் பார்த்தேன். அதற்குள் அடிபட்ட பூனை ஒன்று வந்தது. அவசரத்தில் எல்லாவற்றையும் பழையபடி மாட்டியதாகத்தான் நினைத்தேன்.

ஒரு கூண்டுக்கு அட்டை இல்லையென்றால் அறுவைக்காக வெறும் வயிறு என்பது எங்கள் வழக்கம். என் அக்கா இங்கே தீவனம் வைக்கும் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். டாக்டரிடம் கெஞ்சிச் சேர்த்துவிட்டதே நான். அவள் சொன்னதை அப்படியே செய்பவள். சிறு விலங்கு வரிசையில் முயலின் அட்டை இல்லை, தீவனம் வைக்கவில்லை. பறவை அறைக்காரரோ, வீட்டுக்குப் போன முயல் போலிருக்கிறது என்று தன் வரிசையில் தொங்கிய அந்த அட்டையைச் சட்டை செய்யவில்லை.

சாயங்காலம் முயல் மூலையில் சுருண்டு கிடந்தது.

“முயலப் பட்டினி போட்டா குடல் நின்னு போயிடும்னு தெரியாதா?” டாக்டர் அக்காவிடம் கத்தினார். “நாளைலேருந்து வராதீங்க.”

அக்கா பலகையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முயலின் அட்டை கிளிக்குப் பக்கத்தில் தொங்கியது.

“டாக்டர், மாத்தி வச்சது நான்தான்.”

“ஏன்?”

“ஜப்பான்ல முயலும் பறவையோட சேர்த்தி.”

“யாரு சொன்னா?”

“புத்தகத்துல...”

“அது இதுக்குத் தெரியுமா?” என்று முயலைக் காட்டினார். அவர் ஊசி போட்டுவிட்டு, கஞ்சி நிரப்பிய பீச்சாங்குழலை அக்காவிடம் நீட்டினார். “நீங்க ஊட்டுங்க. நாளைக்கும் நீங்கதான் ஊட்டணும்.” என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் முயல் முதல் வாய் விழுங்கியது. எனக்கு உயிர் வந்தது.

“உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலக்கா,” என்றேன்.

அக்காவின் கண் நிறைந்தது. “வேலை கிடக்குதுடி. காலைலேருந்து நான் தீவனத்தோட கிட்ட வர்றப்பல்லாம் இது எந்திரிச்சு நின்னுச்சு. மூணு தடவை தாண்டிப் போனேன்.”