மூன்றாவது ட்ரையர்

1

இந்தக் கதை என் தங்கையின் சலவைக்கடைக்கு வந்த கரண்ட் பில்லிலிருந்து பிறந்தது. இதைவிட அழகான இடத்தில் பிறந்திருக்கலாம். என்ன செய்ய, ஆண்டவன் எனக்குக் கொடுத்தது இதுதான்.

முதல் தொடக்கம்: 'கடைக்குள் நீராவி, பனியைப் போல…' வேண்டாம். நீராவி நீராவியைப் போலத்தான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: ஒரு கடை ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கேட்டு, அந்த அளவை மின் நிறுவனம் ஒதுக்கி வைக்கிறது. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அந்த ஒதுக்கீட்டுக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. (தூங்கிவிடாதீர்கள். இதில் ஒருத்தியின் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது.)

2

கடையில் துணி உலர்த்தும் ட்ரையர்கள் மூன்று. ஒரே நேரத்தில் இரண்டை மட்டும் ஓட்டினால் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடலாம். ஆனால் ஓராண்டுக்கு எந்த அரை மணி நேரத்திலும் புதிய அளவைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் நிபந்தனை. கட்டணம் குறையாவிட்டால் மாலை வேலையை நிறுத்திவிடுவதாக மச்சான், அதாவது தங்கையின் கணவர், சொல்லிவிட்டார். மாலை வேலை என்றால் இஸ்திரி போடும் அக்கா. ('ஏழை அக்கா' என்று எழுதி அடித்துவிட்டேன். படித்தால் என்னையும் சேர்த்துத் தேய்த்துவிடுவாள்.)

மூன்றாவது ட்ரையரின் சுவிட்சின் மேல் மச்சான் ஓர் அட்டையை ஒட்டினார்: 'கை வைக்காதே.'

3

அந்த ஓராண்டின் கடைசி மாதம். மழை. துவைத்து அனுப்பிய முதியோர் இல்லத்து விரிப்புகள், வேனின் கூரை ஒழுகியதால் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தன. இரண்டு ட்ரையர்களிலும் ஹோட்டல் துணி ஓடிக்கொண்டிருந்தது.

(இங்கே அக்காவின் மனப்போராட்டத்துக்கு ஒரு பத்தி எழுதினேன். அவள் போராடவே இல்லை.) அட்டையைப் பிய்த்தாள். மூன்றாவதைப் போட்டாள்.

மச்சான் ஓடிவந்தார்.

"என்னக்கா இது! ஒரு வருஷமா பொத்திப் பொத்தி வச்சதை!"

"வயசானவங்களை ஈரத்துல படுக்கச் சொல்றீங்களா தம்பி?"

"ஹோட்டல் துணியை நிறுத்தியிருக்கலாம்ல?"

"ஹோட்டல்காரன் வாசல்ல வண்டியோட நிக்கிறான். யாரு ஏச்சு வாங்குறது?"

"போகப்போறது உங்க வேலைக்கா!"

"தெரியும். அதான் சீக்கிரம் காயட்டும்னு சூட்டையும் கூட்டி வச்சிருக்கேன்."

மச்சான் தலையில் கை வைத்தார். எழுதும் நானும் வைத்தேன்.

தங்கைதான் கத்தினாள். "மீட்டர் பார்க்கிறது அரை மணி நேரத்தோட சராசரியைத்தாங்க. நின்னு சண்டை போடாம மத்ததை எல்லாம் அணைங்க!"

ஹோட்டல் ட்ரையர்கள், இஸ்திரிப் பெட்டி, விளக்குகள் எல்லாம் அணைந்தன. வாசல் வெளிச்சத்தில் நின்று, அதற்குள் காய்ந்திருந்த ஹோட்டல் துணியை மடித்தார்கள். ஹோட்டல்காரன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

4

முடிவு அ: மீட்டர் மன்னித்தது. இல்லை. மீட்டருக்கு இரக்கம் உண்டென்று பொய் எழுதிவிட்டு நான் எப்படிச் சாமி கும்பிடுவது?

முடிவு ஆ: அளவு தாண்டிவிட்டது, அக்காவின் வேலை போயிற்று. இதை எழுதக் கை வரவில்லை.

முடிவு இ: அளவு தாண்டியிருந்தாலும் மச்சான் அக்காவை…

அவரிடமே கேட்டேன். "தாண்டியிருந்தா என்ன செய்வீங்க மச்சான்?"

"கதை எழுதுறது நீங்க. என்னை ஏன் படுத்துறீங்க?" என்று சிடுசிடுத்துவிட்டு சுவிட்சின் மேல் புதிய அட்டையை ஒட்டினார்: 'கேட்டுட்டுக் கை வைக்கவும்.'

பில் இன்னும் வரவில்லை. நின்றுபோன அந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விரிப்புகள் காய்ந்துவிட்டன.