சும்மா பார்க்க

இங்கிலாந்தில் எங்கள் பிராட்ஃபர்ட் ஊரில் அப்போதெல்லாம் துணிக்கடைக்குள் காலை வைத்தால் வாங்காமல் வெளியே வர முடியாது. சட்டம் ஒன்றுமில்லை, வெட்கம்தான். நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். எழுந்திருக்க வேண்டுமென்றால் ரிப்பனாவது வாங்கியாக வேண்டும். வெகுகாலம் அப்படி உட்கார வைத்தே பிழைத்த என் வீட்டுக்காரர் எஸ்ராவுக்குத் திடீரென்று புத்தி மாறியது. குடியிருந்த வீட்டை விற்று நாலு மாடியில் கடை கட்டினார். கையுறையிலிருந்து கட்டில் வரை எல்லாம் ஒரே இடத்தில். வாங்காமல் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டும் போகலாம்.

ஊரே வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது, அப்படியே திரும்பிப் போனது. நாங்கள் மேல்மாடியில் விற்காத மெத்தைகளுக்கு நடுவே குடியிருந்தோம். இதுவும் போனால் தெருதான்.

"ஏன் தெர்ஸா உள்ள வர மாட்டேங்குறாங்க? வெளிச்சம் பத்தலையோ?" என்று தினமும் கேட்பார்.

ஒருநாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் வேடிக்கை பார்த்த பெண்களோடு நின்று பார்த்தேன். கம்பளி ஆலையில் வேலை செய்யும் ஒருத்தி தயங்கித் தயங்கிப் படியேறினாள். வாசலில் நீளக் கோட்டோடு நின்றவர் குனிந்து, "வாங்கம்மா, என்ன எடுத்துக் காட்டட்டும்?" என்றார். அவள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். கேட்டவர் என் வீட்டுக்காரர்.

"காரணம் தெரிஞ்சுபோச்சு. நீங்கதான்," என்றேன்.

"நானா? மரியாதையாத்தானே கேக்குறேன்?"

"கேக்குறதுதான் வம்பு. கேட்டா பதில் சொல்லணும், சொன்னா வாங்கணும். பயந்து ஓடுறாங்க."

"கேக்காம இருக்க என்னால முடியாதே, தெர்ஸா."

"அப்போ கரி இறக்குற பின்வாசல்ல போய் நில்லுங்க. வண்டிக் குதிரையைக் கேளுங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே பெண்கள் உள்ளே வந்தார்கள். அடுத்த வாரம் நடக்க இடமில்லை. அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்தக் கடையின் முதலாளி கரித்தூசியை மிதித்துத்தான் உள்ளே வந்தார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு கிறிஸ்துமஸ் சமயம், "இன்னைக்கு மட்டும் முன்வாசல் வழியா வரட்டுமா?" என்றார்.

"வாயத் திறக்காம வாங்க."

வந்தார். கையுறைகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் பழைய வாய் சும்மா இருக்கவில்லை. "என்னம்மா எடுத்துக் காட்டட்டும்?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணும் வேணாங்க. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

எஸ்ரா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா தெர்ஸா? ஓடலையே! சும்மா பாக்க வந்தாளாம்," என்றார்.