மாலை போட்ட கம்பளி

படிவத்தின் ஏழாவது கட்டத்தில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. குடும்பத்தில் எவரேனும் பட்டாளத்தில் பணியாற்றியதுண்டா என்று இங்கிலீஷில் கேட்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் என் உடம்பில் இரண்டு கிலோ மிச்சமாகியிருக்கும்.

நான் குழந்தைவேல். நாமக்கல் கோர்ட்டு வாசலில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறவன். என் மனுவைக் கண்டால் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் ஒரு தரம் நிமிர்ந்து உட்காருவார். அப்படிப்பட்ட என்னை எண்பத்திரண்டாம் வருஷம் சந்தி சிரிக்க வைத்தவர் வேறு யாருமில்லை, என் அக்கா செல்லாயியின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாமா.

மாமாவுக்கு ஜேடர்பாளையத்துக்குப் பக்கம் கள்ளிப்புதூரில் ஆறு ஏக்கர் கரும்பும் இரண்டு லாரியும் ஒரு தாத்தாவும் சொத்து. கரும்பையும் லாரியையும் பற்றி அதிகம் பேசமாட்டார். செத்துப்போன தாத்தாவைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்போம். பேரனுக்குப் பாட்டன் பேர் வைப்பது வழக்கம் என்பதால் அந்த அப்பாருவும் நாச்சிமுத்துதான், மாமாவின் தகப்பனைப் போலவே அவர் தகப்பனும் கந்தப்பன்தான். அப்பாரு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து, பாக்தாத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு ஆடிப் பதினெட்டு அன்று ஊர் திரும்பினாராம். ஊரில் அவருக்குப் பட்டாளத்தார் என்றே பேர்.

அத்தாட்சி என்ன என்று கேட்டால் ஒரு கம்பளியும் ஒரு தகரத் தட்டும் வெளியே வரும். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அந்தக் கம்பளிக்கு மாலை போட்டு, தட்டில் கறிச்சோறு வைத்துக் குடும்பமே விழுந்து கும்பிடும். பூச்சி அரித்த ஓட்டைகளைக் காட்டி, "குண்டு பட்டது மாப்பளே" என்பார் மாமா. இத்தனை குண்டு பட்ட கம்பளிக்குள் இருந்த ஆளுக்கு ஒரு கீறல்கூட விழாதது எப்படி என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன். ஆறு மாசம் என்னோடு பேச்சில்லை.

மாமாவின் ஒரே மகள் உண்ணாமலை. ப்ளஸ் டூ முடித்தவள். பெங்களூர்ப் பக்கம் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு என்னோடு சேலம் வந்து பரீட்சை எழுதி, மாசி மாசம் ஆர்டரும் வாங்கிவிட்டாள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பெற்றவர் சம்மதக் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

"பொட்டப்புள்ளயப் பட்டாளத்துக்கு அனுப்பிப்போட்டு நான் ஊருக்குள்ள தலை காட்டறதா?" என்று, நான் படிவத்தைக் கட்டம் கட்டமாகப் படித்துச் சொன்னதும் மாமா குதித்தார்.

வாசலில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உண்ணாமலை அவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்கப்பா, பட்டாளத்தார் ரத்தம்தானுங்களே என்ற ஒடம்புலயும் ஓடுது? இல்ல, அது சும்மா சொல்றதுங்களா?"

ஒறம்பரை மாமாவின் முகத்தைப் பார்த்தது. சொந்த வாயே அவரை மாட்டிவிட்டது.

"சும்மா எதுக்குச் சொல்றேன்? அப்பாரு சுபேதாரா இருந்த நியமன ஆர்டரு நகலு சீலோட வரட்டும். ஏழாங் கட்டத்துல அதை எழுதிக் கையெழுத்துப் போடறேன். எம் புள்ள போனா சுபேதார் ஊட்டுப் புள்ளயாத்தான் போவோணும். நகலு வல்லீன்னா போவண்டாம்" என்று துண்டை உதறிப் போட்டார்.

உண்ணாமலை படிவத்தை என்னிடம் தனியாகக் காட்டினாள். "அம்மா கையெழுத்துப் போட்டாலும் செல்லும்னு போட்டிருக்குதுங்க மாமா."

"ஆம்பள குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அக்காள எதுக்குக் கண்ணு இழுக்கற?" என்று அடக்கினேன். அக்கா அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் சொன்னது அன்றைக்கு எனக்குத் தப்பாகவே படவில்லை.

தேடல் ஆரம்பித்தது. சேலத்தில் பழைய கெஜட்டுகள் அடுக்கியிருந்த அறைக்கு மூன்று தரம் போனேன். யாரை எந்தத் தேதியில் எந்த உத்தியோகத்தில் போட்டார்கள் என்று வருஷவாரியாக அச்சடித்து வைத்திருந்தான் வெள்ளைக்காரன். அம்மை குத்துகிறவர் நியமனம் இருந்தது, மாட்டு வைத்தியர் நியமனம் இருந்தது, குதிரைக்குக் கொள்ளு வாங்கும் குமாஸ்தா நியமனம்கூட இருந்தது. தும்மித் தும்மி மூக்கு வீங்கியதுதான் மிச்சம், கள்ளிப்புதூர் நாச்சிமுத்து எங்கேயும் இல்லை.

"சுபேதார் லிஸ்ட்ல இல்லீங்க மாமா" என்றேன்.

"அப்ப சுபேதார் மேஜரா இருந்திருப்பாரு. அதைப் பாரு."

அதிலும் இல்லை என்று அடுத்த மாசம் வந்து சொன்னேன். "கேப்டன் லிஸ்ட்டு பாத்தயா?" என்றார். நாலாவது தரம் போய்விட்டு வந்தால் அப்பாரு வைஸ்ராய் ஆகிவிடுவார் என்று பயந்து, பட்டாளத்துப் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் ஓர் ஆபீசுக்கே மனுப் போட்டுவிடலாம் என்றேன்.

மனுவில், 'காலஞ்சென்ற நாச்சிமுத்து, தகப்பனார் பெயர் கந்தப்பன், கள்ளிப்புதூர்' என்று டைப் அடித்திருந்தேன். படித்துக் காட்டியதும் மாமா பொங்கிவிட்டார்.

"அட கெரகம் புடிச்சவனே! என்ற பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடறயா? உன்ற அக்கா தாலியறுக்கோணும்னு ஆசையா?"

"அது அப்பாரு பேருங்க மாமா."

"அப்பாரு பேரும் அதேதான், என்ற பேரும் அதேதான். ரெண்டு பேருக்கும் அப்பன் பேரும் அதேதான். கவர்மென்டுக் காயிதத்துல நான் செத்துப்போனேன்னு சீலு விழுந்தா வெளங்குமா? எடு அதை!"

உள்ளேயிருந்து அக்காவும், "அபசகுனமா எழுதாதடா" என்றாள். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள் தாலி. எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் பிறர் பேச்சைக் கேட்டு நான் ஒரு வார்த்தையை எடுத்தது அந்த ஒரு தரம்தான். கீழே மாமா, 'இப்படிக்கு, நாச்சிமுத்து, தகப்பனார் பெயர் கந்தப்பன், கள்ளிப்புதூர்' என்று கையெழுத்துப் போட்டார்.

பதில் வரவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசி போனது, ஆனி போனது. உண்ணாமலை தபால்காரன் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவாள். ஓடி ஓடி இளைத்துப்போனாள். மாமாவுக்கு ஒரு கவலையும் இல்லை. பதில் வருவதற்கு முன்பே 'சுபேதார் மேஜர் நாச்சிமுத்து' என்று கல் வெட்டி, ஆடிப் பதினெட்டு அன்று வீட்டு முன்னால் திறப்பதென்று ஊரையே அழைத்துவிட்டார்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. மறுநாள் சாயங்காலம் சேலத்தில் ரயில். உண்ணாமலை ஒரு தகரப்பெட்டியில் துணி அடுக்கி வைத்திருந்தாள். படிவத்தில் கையெழுத்து இல்லை. "ஆர்டரு வந்தாப் போடறேன், இல்லாட்டி அடுத்த வருசம் பாக்கலாம்" என்று மாமா காலையிலேயே கையை விரித்துவிட்டார். அடுத்த வருஷத்துக்கு அந்த இடம் காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

ஆற்றில் குளித்துவிட்டு ஊர் முழுக்க வாசலில் கூடியிருந்தது. கம்பளிக்குச் சம்பங்கி மாலை, தட்டில் கறிச்சோறு, கல்லின் மேல் சிவப்புத் துணி. அந்த நேரம் பார்த்து கான்ஸ்டபிள் சின்னுசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் பெரிய சீல் வைத்த பழுப்புக் கவர்.

"வந்துபோட்டுது!" என்று மாமா கத்தினார். "பாத்தீங்களா, போலீசு மூலமா மரியாதையோட அனுப்பியிருக்கறான்! உக்காருங்க ஏட்டய்யா. மாப்பளே, ஊருக்கே கேக்கறாப்புல படி!"

சின்னுசாமி என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவர் கையில் ஒரு டம்ளர் பானகத்தைத் திணித்துவிட்டு, கவரைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

இரண்டு வரி படித்ததும் கவரைத் திருப்பி விலாசத்தை இன்னொரு தரம் பார்த்தேன். உண்ணாமலை தூணோரம் படிவத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளதைப் படித்தால் அவள் போவது நின்றது. பொய் சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்? ஒரு கையெழுத்துக்குத்தானே? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "கள்ளிப்புதூர் நாச்சிமுத்து என்பார், சுபேதாராக நியமிக்கப்பட்டு..."

"ஏனுங்க மனு எழுதறவரே, அப்படி எங்க போட்டிருக்குது?" என்று சின்னுசாமி டம்ளரை வைத்தார். "எங்க இன்ஸ்பெக்டர் காலையில எனக்குப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்புனாரு. உள்ளதப் படிங்க."

படித்தேன். வேறு வழி?

'1917ஆம் வருடம் ஜூலை 22ஆம் தேதி சிப்பாயாகச் சேர்ந்த நாச்சிமுத்து, தகப்பன் பெயர் கந்தப்பன், கிராமம் கள்ளிப்புதூர் என்பவர், ஜூலை 31ஆம் தேதி காலை முகாமிலிருந்து சொல்லாமல் ஓடிவிட்டார். கம்பளி ஒன்றும் சாப்பாட்டுத் தட்டு ஒன்றும் அவருடன் காணாமல் போயின. மேற்படி ஆசாமி இன்றும் உயிருடன் மேற்படி கிராமத்தில் வசிப்பது அவரே அனுப்பிய மனுவால் தெரிய வருவதால், ஆளையும் பொருளையும் ஒப்படைக்கக் கோரப்படுகிறது.'

எல்லோரும் கம்பளியைப் பார்த்தார்கள். அது மாலையும் கழுத்துமாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஒம்பது நாளுதான்னு என்ற அப்பன் அப்பவே சொல்லுவாரு. பட்டாளத்தார்னு கிண்டலுக்குத்தான் கூப்புட்டாங்களாமா" என்றார். அவ்வளவுதான், வாசல் சிரிப்பில் அதிர்ந்தது.

"பதினேழுல சேந்தவரு இப்ப தொண்ணூறத் தாண்டியிருப்பாருன்னு எங்களுக்கும் தெரியுமுங்க" என்றார் சின்னுசாமி. "ஆனா மேல இருந்து கேட்டா பதில் எழுதோணுமில்ல? இங்க நாச்சிமுத்து, கந்தப்பன் மகன், ஆருங்க?"

நாற்காலியைப் பார்த்தால் துண்டு மட்டும் கிடந்தது. கொல்லைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் கரும்புக்காட்டில் ஒரு வரிசை சலசலவென்று அசைந்து, தூரப் போய், நின்றது. சொல்லாமல் ஓடுவதற்கு அப்பாருவுக்கு ஒன்பது நாள் வேண்டியிருந்தது, மாமா ஒன்பது நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"போச்சுங்க மாமா" என்றாள் உண்ணாமலை. அழவில்லை. படிவத்தை நாலாக மடித்தாள். அந்த ஏழாம் கட்டத்தைப் படித்துச் சொன்ன பாவி நான்தானே.

சின்னுசாமி நோட்டை விரித்து அக்காவிடம் கேட்டார். "உங்க ஊட்டுக்காரர் பேரு என்னங்கம்மா? வாக்குமூலத்துல எழுதோணும்."

எங்கள் பக்கம் பெண்பிள்ளை புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஓட்டர் லிஸ்ட்டுக்கு ஆள் வந்தாலும் சரி, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினாலும் சரி, இருபது வருஷமாக அக்காவுக்காக நான்தான் சொல்லி வந்தேன். இப்போதும் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மாயிரு" என்றாள் அக்கா.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாச்சிமுத்து" என்றாள்.

வள்ளியாத்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "அய்யோ சாமி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா நிறுத்தவில்லை.

"அன்னைக்கு ஓடி வந்தவரு பேரும் நாச்சிமுத்து. அவரு செத்து முப்பது வருசமாச்சு. இன்னைக்கு ஓடுனவரு பேரும் நாச்சிமுத்து. சாயங்காலம் பசிச்சா வந்துருவாரு. ரெண்டையும் எழுதிக்கங்க." பிறகு மகளிடம் திரும்பினாள். "அந்தக் காயிதத்தைப் பிரி. நான் போட்டாச் செல்லும்னு மாசி மாசமே சொன்னீல்ல? எங்க போடோணும்?"

என் மூஞ்சியைப் பார்க்காமலேதான் கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. மூன்றாம் வகுப்பு படித்த கை, எழுத்தெழுத்தாகச் செல்லாயி என்று எழுதி முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. சின்னுசாமியே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழாவது கட்டம் இன்னும் காலியாக இருந்தது. "இல்லைன்னு எழுதித் தொலை கண்ணு" என்றேன்.

"இருந்தாருங்களே மாமா" என்று சொல்லி, உண்ணாமலை இங்கிலீஷில் எழுதினாள். பூட்டனார், சிப்பாய், ஒன்பது நாள். எழுதிவிட்டுக் கம்பளியின் மாலையைக் கழற்றினாள். "எப்படியும் அங்கதான போறேன், இதை நானே குடுத்துடறனுங்க" என்று பெட்டியில் மடித்து வைத்தாள். தட்டைக் கழுவித் துடைத்து மேலே வைத்தாள் அக்கா.

மாமா பசித்தும் வரவில்லை. மறுநாள் மத்தியானம் உண்ணாமலையை பஸ் ஏற்றிவிட்டு நாங்கள் திரும்பியபோதுதான், கரும்புச் சோகை கிழித்த முகத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். சிவப்புத் துணி கல்லின் மேலேயே இருந்தது. போலீசுக்குப் பதில் மனு டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தேன். நீட்டினேன்.

"காலஞ்சென்றன்னு போட்டயா?"

"போட்டேனுங்க."

"இன்னும் ரெண்டு எடத்துல சேத்துப் போடு" என்று கையெழுத்திட்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "ஏழாங் கட்டத்துல புள்ள என்ன எழுதுச்சு?" என்றார்.

"ஒன்பது நாள்னு."

மாமா விரல் விட்டு எண்ணினார். "சேந்த நாளையும் சேத்தாப் பத்து வருது மாப்பளே."

அக்கா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மாமா அவளை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"ஊருக்கு முன்னால என்ற பேரைச் சொன்னயாமா?"

"சொன்னேனுங்க" என்றாள் அக்கா. குழம்பை ஊற்றினாள். "இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?"

மாமா வேண்டாமென்று தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.