களிமண் பினாங்கு

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் தகரக்கூரை போட்ட அந்தச் சின்னத் தமிழ்ப்பள்ளியின் நாலாம் வகுப்புச் சுவரில் ஆணிகள் மட்டுமே மிச்சமிருந்தன. அவற்றில் தொங்கிய பூகோளப் படங்கள் இங்கிலீஷ்காரன் அச்சடித்தவை என்று சொல்லி, ஊரைப் பிடித்த ஜப்பான்காரர்கள் அவற்றை முற்றத்தில் குவித்து எரித்துவிட்டார்கள். பாடப்புத்தகங்களும் அதே நெருப்பில்தான் போயின. காகிதமோ கடையில் கண்ணால் காணக் கிடைக்காத பொருளாகிவிட்டது.

பூகோளம் எடுக்கிற கமலாம்பிகை கையைப் பிசைந்துகொண்டு உட்காருகிறவள் அல்ல. கழன்று கிடந்த பழைய கதவொன்றை இரண்டு பெஞ்சுகளின் மேல் படுக்கப் போட்டாள். சுங்கை பினாங் ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டுவரச் செய்து, வெடிக்காமலிருக்க மரத்தூள் கலந்து பிசைந்தாள். நடுவில் மலை எழுந்தது. சுற்றிலும் கடலுக்கு மெல்லியதாய்க் களிமண் மெழுகி, துணிக்குப் போடுகிற நீலத்தைத் தெளித்தார்கள். அதற்கு மேல் ஊரை வைப்பது பிள்ளைகளின் வேலை. ஒரே ஒரு சட்டம்தான்: கண்ணால் பார்த்ததைத்தான் வைக்கவேண்டும், கேள்விப்பட்டதை வைக்கக்கூடாது.

வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது.

"மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கறது கொல்லன் பட்டறைலா! தட்டான் கடைன்னு வச்சிருக்கான் பாரு!"

"உன் மூஞ்சி! நேத்துகூட அந்தப் பக்கம்தான் போனேன்."

"கண்ணைத் தொறந்துகிட்டுப் போனியா, மூடிக்கிட்டுப் போனியா?"

வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்று வாடிப்போன முகங்களில் ஒரு வெளிச்சம் வந்தது. தலைமையாசிரியர் நாகநாதன் கதவுப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிள்ளை, உந்தப் பலகையைப் பெரிய இடத்திலை காட்ட வேணும். படமில்லை, புத்தகமில்லை எண்டு அழுகிற பள்ளிக்கூடங்களுக்கு இது நல்ல பாடம்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கல்வி அலுவலகத்துக்கு எழுதியும் போட்டார். துறைமுகம் உட்பட ஊர் முழுவதும் இருப்பதாக எழுதினார். ஜப்பான் அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகப் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கு நோக்கி வணங்கிவிட்டுக் கமலாம்பிகை வகுப்புக்குள் வந்தபோது, குணவதி பலகைமேல் குனிந்து சிவப்புக் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலுவின் மகள் அவள்.

"அதென்ன பிள்ளை?"

"சென்ட்ரி டீச்சர். துப்பாக்கியோட நிக்கிற எடத்துக்கெல்லாம் செவப்புக் குச்சி வச்சுட்டோம். அங்க குனிஞ்சு கும்புடணும்ல? தெரியாம நேரா நடந்து போறவங்க அறை வாங்குறாங்க."

"கறுப்பாய் நீளமாய் இது?"

"தண்ணிக்குள்ள முங்கிப் போற கப்பல் டீச்சர். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோறப்ப பாத்தேன். முந்தி மூணுதான் நின்னுச்சு, இப்ப நாலு."

கமலாம்பிகை ஓரடி பின்னால் நகர்ந்து, பலகையை முதல்முறையாக முழுவதுமாகப் பார்த்தாள். காவல் நிற்கும் சந்திகள் எல்லாம் சிவப்பாக இருந்தன. மலைச்சரிவில் பீரங்கிக்கு ஈர்க்குச்சி. தென்னோலை போட்டு மூடிய எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் புளியங்கொட்டை. ஒவ்வொரு பிள்ளையும் தன் மூலையை மட்டுமே வைத்திருந்தது, தப்பில்லாமல் வைத்திருந்தது. அவ்வளவையும் சேர்த்துப் பார்த்தபோது, இங்கிலீஷ்காரனின் ஒற்றன் உயிரைக் கொடுத்தாவது வாங்கிப் போகிற படம் அவள் வகுப்பில் விரிந்து கிடந்தது.

முகத்தை மூடிக்கொண்டு காட்டிக்கொடுக்கிற ஒருவன் தலையை ஆட்டினாலே ஆளை லாரியில் ஏற்றுகிற காலம். "அப்பாவுக்குச் சோறு கொண்டுபோறப்ப பாத்தேன்" என்று இந்தப் பெண் ஒருமுறை வாய்திறந்தால் போதும், வேலு வீடு திரும்பமாட்டான். வேலு மட்டுமா? இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகப்பன் இருக்கிறான்.

ஓடிப்போய் நாகநாதனிடம் சொன்னாள். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"உடைச்சுப் போடுவம் மாஸ்டர்."

"எழுதிப் போட்டேனே பிள்ளை! இல்லையெண்டால் ஏன் இல்லையெண்டு கேப்பாங்கள். எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்துவிடு."

அவள் குச்சிகளையும் புளியங்கொட்டைகளையும் பிடுங்கினாள். கறுப்புக் கப்பல்களைப் பெயர்த்துச் சேலைத்தலைப்பில் முடிந்தாள். பிள்ளைகள் பதறிப்போனார்கள்.

"டீச்சர், அது தப்பு இல்ல! நெஜமாவே இருக்கு!"

"தெரியும். வாயை மூடுங்கோ."

அவள் கைகழுவக்கூட நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

அதிகாரி ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். அவருடைய ஊரில் அவரும் வாத்தியார் வேலை பார்த்தவர்தான் என்று பேச்சு. கூடவே மொழிபெயர்ப்பாளன் ராமதாஸ் வந்தான். அதிகாரி மலையைத் தொட்டுப் பார்த்தார், மரத்தூள் கலந்திருப்பதைக் கண்டுகொண்டு தலையசைத்தார். மெல்ல நடந்து துறைமுகப் பக்கம் வந்தவர், நின்றார்.

களிமண் கடல் காய்ந்திருந்தது. கப்பல்கள் இருந்த இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு நாலு பள்ளங்கள் தெரிந்தன. அதிகாரி ஒரு பள்ளத்தில் விரலை வைத்தார். எடுத்து அடுத்ததில் வைத்தார்.

"ஐயா கேக்குறாரு, இங்க என்ன இருந்துச்சு?" என்றான் ராமதாஸ்.

பாதி எழுந்துவிட்ட குணவதியைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தாள் கமலாம்பிகை. "தோணி. அழகுக்கு நான்தான் வைச்சேன். நல்லாயில்லை எண்டு நான்தான் எடுத்தேன்."

ராமதாஸ் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் பேசினான். அவள் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. அதிகாரி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளைகளைத்தான் வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"இதையெல்லாம் யாரு செஞ்சதுன்னு கேக்குறாரு."

"நாங்கதான்!" வகுப்பே கத்தியது. "கண்ணால பாத்ததத்தான் வச்சோம்!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சேர்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி சிரித்தார். முன்வரிசைப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தார். தடவியபடியே நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். ராமதாஸ் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான்.

"புத்தகத்தவிட இதுதான் ஒசத்தியாம். பலகைய ஆபீசுக்கு எடுத்துக்கிட்டுப் போறாரு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பிள்ளைங்க ஒவ்வொண்ணும் அதது வூட்டக் களிமண்ணுல செஞ்சு வைக்கணுமாம். கூர வேணாமாம். உள்ள என்னென்ன இருக்கு, எது எங்க இருக்கு, யார் யார் இருக்காங்க, அது தெரிஞ்சாப் போதுமாம். டீச்சர் ஒவ்வொரு வூட்டுலயும் அந்தந்தப் பிள்ளை பேர எழுதிடணும். நல்லா செய்யற பிள்ளைக்கு அரிசி."

அரிசி என்றதும் வகுப்பு ஆரவாரம் செய்தது.

நாலு சிப்பாய்கள் பலகையைத் தூக்கிப் போனார்கள். கார் தெருமுனை திரும்பியபின் நாகநாதன் மூச்சுவிட்டார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சுது, பிள்ளை."

"போகேல்லை மாஸ்டர். இனித்தான் வீடு வீடாய்ப் போகப்போகுது."

அவள் வகுப்புக்குத் திரும்பியபோது பிள்ளைகள் களிமண்ணில் கைவைத்தாகிவிட்டது.

"எங்க வூட்டுல சாமி படத்துக்குப் பின்னால அரிசி வச்சிருக்காங்க. அத வைக்கலாமா டீச்சர்?"

"எங்க மாமா பகலெல்லாம் பரண்லதான் படுத்திருக்காரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம். சொல்லத்தானே கூடாது, செய்யலாம்ல?"

கமலாம்பிகை கதவைச் சாத்தினாள். ஜன்னல்களையும் சாத்தினாள். நாலு சுவரும் ஒரு வாசலும் வைத்து, உள்ளே ஒரு பாய், ஓர் அடுப்பு, ஒரு குடம் என்று ஒரு வீட்டைத் தன் கையாலே செய்து மேசைமேல் வைத்தாள்.

"எல்லாரும் இதைப் போலத்தான் செய்ய வேணும். ஒண்டும் கூடக்கூடாது, குறையக்கூடாது."

"எங்க வூட்டுல ரெண்டு ரூம் டீச்சர்" என்றாள் குணவதி.

"ஒண்டு."

"அப்ப எங்க மாமா?" என்றது அந்தப் பிள்ளை.

"மாமா இல்லை."

"எங்க போனாரு?"

"எங்கயும் போகேல்லை. அப்பிடியொரு மாமாவே இல்லை. சொல்லுங்கோ எல்லாரும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் சொன்னார்கள்: மாமா இல்லை, அரிசி இல்லை, அறை ஒன்றுதான். அவள் விடவில்லை. அந்த வாரம் பூராவும் காலையில் ஒருமுறை, வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை சொல்லவைத்தாள். யாராவது ஆசையாய் ஒரு ஜன்னலையோ பூனைக்குட்டியையோ வைத்திருந்தால் கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்தாள். அழுத பிள்ளையைத் தேற்றவில்லை.

வியாழக்கிழமை மாலை நாகநாதன் வந்து பார்த்தார். மேசை முழுக்க, ஜன்னல் விளிம்பு முழுக்க ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீடுகள்.

"பிள்ளை, அந்தாள் வாத்தியாராய் இருந்தவனாம். பார்த்த பார்வையிலை கண்டுபிடிச்சுப்போடுவான், இது பிள்ளையள் செய்த வேலை இல்லையெண்டு."

"ஓம். கண்டுபிடிக்கட்டும் மாஸ்டர். பிறகு பிள்ளையளை ஏன் கேக்கப்போறான்?"

ஈரம் காயாத வாசற்படிகளில் ஊசியால் அவள் பேரெழுதத் தொடங்கினாள். நாகநாதன் குனிந்து படித்தார். முதல் வீட்டில் கமலாம்பிகை என்று இருந்தது. இரண்டாவதிலும் அதுவே. அவள் நிமிராமல் மூன்றாவது வீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.