தாலித் தட்டு

நிலவழகனின் போன் வந்தபோது முத்துராஜ் மண்டபத்து வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தார். மாலை வாங்கப் போன அவனும் மச்சானும் எந்த டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்களோ என்று அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. நல்லா நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் நிலவழகன் அழுதுகொண்டிருந்தான். டீ கிளாஸைக் கையில் வாங்கினவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பொன்னமராவதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

சாய்ந்தவர் நாகராசு. முத்துராஜின் அக்கா கண்ணாத்தாளைக் கட்டியவர். மாலைக்குப் போகவேண்டியவர் முத்துராஜ்தான். பொண்ணைப் பெத்தவன் இங்கிட்டே நில்லு, நான் போயிட்டு வாரேன் என்று பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார் மச்சான். நோய் இல்லை, நொடி இல்லை. முந்தின நாள் பந்தியில் இன்னொரு தரம் பாயசம் கேட்டு அக்காவிடம் வசவு வாங்கிக்கொண்டு சிரித்த மனுஷன். இவ்வளவுதானா, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்கூடக் கிடையாதா என்று முத்துராஜுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மனைவி சொர்ணவல்லியைக் காய்கறி மூட்டை கிடந்த அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். முதலில் தேறியவளும் அவள்தான்.

கேதச் செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழுந்துவிட்டால் கல்யாணம் நின்றுபோகும். மாப்பிள்ளை வசந்த் லீவு முடிந்து சிங்கப்பூர் போய்விடுவான். தாலி ஏறுமுன்னே மாமனை முழுங்கியவள் என்ற பேர் மகள் இளமதியின் தலையில் விழும், அது ஆயுசுக்கும் இறங்காது. அதனால் இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தால், தெரிந்தவர்கள் கெட்டிமேளம் கொட்டும்வரை வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி நிற்பார்கள். ஊரில் எத்தனையோ பேர் செய்ததுதான். அடுத்தவன் செய்தால் சாமர்த்தியம். தனக்கு வந்தபோது முத்துராஜுக்கு அது சாமர்த்தியமாகப் படவில்லை.

"ஒங்க காதுலயும் விழுகல, எங்காதுலயும் விழுகல. தாலி ஏறட்டும்" என்றாள் சொர்ணவல்லி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "தாலித் தட்டு மட்டும் மதினிகிட்ட போகவேணாம்."

தாலியைத் தேங்காய்மேல் வைத்து, தட்டைச் சபையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு வாழ்த்துவார்கள். புருஷனை இழந்தவளிடம் அந்தத் தட்டை யாரும் நீட்டமாட்டார்கள். கண்ணாத்தாள் இப்போது அந்த வரிசை. அது அவளுக்கே தெரியாது.

பெண்டாட்டியை அறைந்துவிடலாம் போலிருந்தது முத்துராஜுக்கு. ஆனால் அதே பயம் தனக்கும் இருப்பது தெரிந்ததும் கை எழவில்லை. ஒரே மகள்.

மாலைகளை யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பச்சைப் பட்டும் தலை நிறையப் பூவுமாகக் கண்ணாத்தாள் வந்து நின்று, மாலை வந்துவிட்டது, வாங்கப் போன ஆளை எங்கே என்று கேட்டாள். பைக் பஞ்சர் என்றார் முத்துராஜ். போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாரே, வரட்டும், இன்றைக்கு இருக்கிறது அவருக்கு என்று சொல்லிக்கொண்டே அவள் மறுபடி போன் போட்டாள். அவள் போனைக் காதில் வைக்கும்போதெல்லாம், அந்தப் பக்கம் நிலவழகன் எடுத்துவிடுவானோ என்று முத்துராஜ் அவள் வாயையே பார்த்தார். ஏன் இப்படி வேர்க்கிறது என்று சம்பந்தி கேட்டதற்கு ஃபேன் சரியில்லை என்றார்.

பந்தி ஏற்பாட்டைப் பார் என்று அக்காவைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவைத்தார். போன வேகத்தில் திரும்பிவிட்டாள். இளமதியைத் தூக்கி வளர்த்த இடுப்பு அவளுடையது. அவளுக்கென்று பிள்ளை இல்லை. இந்தத் தாலி ஏறுவதைப் பார்க்காமல் அவள் எந்த அடுப்பைப் பார்ப்பாள்? நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐயர் தட்டை எடுத்ததும், வேறு யார் கைக்கும் போகவிடாமல் முத்துராஜ் தானே வாங்கிக்கொண்டார். பின்வரிசையிலிருந்து தொடங்கி, அக்கா இருக்கும் இடம் வருவதற்குள் நேரமாகிவிட்டது என்று மேடைக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு கையாகத் தொட்டுக் கும்பிட்டது. தட்டு முன்வரிசைக்கு வந்தபோது கண்ணாத்தாள் எழுந்து நின்றுவிட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். மேடையிலிருந்து சொர்ணவல்லியின் பார்வை அவர் முதுகைத் துளைத்தது. ஐயரும் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். திரும்புவதற்கு அதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

முத்துராஜ் அக்காவின் முகத்தைப் பார்த்தார். இனி ஊரில் எத்தனையோ கல்யாணம் நடக்கும். எந்தத் தட்டும் இவள் பக்கம் வராது. அதை ஊரே பார்த்துக்கொள்ளும், கூடப்பிறந்தவனும் இன்றைக்கே தொடங்கி வைக்கவேண்டுமா? மகளை நினைத்தார், பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் தட்டை நீட்டினார்.

கண்ணாத்தாள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்களமாதிரியே சண்ட போட்டுக்கிட்டு நூறு வருசம் இருக்கணும்" என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. முத்துராஜ் அட்சதையை எந்தப் பக்கம் போட்டார் என்று அவருக்கே தெரியாது. சந்தடி அடங்குமுன் அக்காவின் கையைப் பிடித்து அதே அறைக்குக் கூட்டிப்போனார். சொர்ணவல்லியும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, மச்சான் நம்மள விட்டுட்டுப் போயிட்டாருக்கா."

அவள் அழவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவர் சொன்னதையெல்லாம், டீக்கடை, ஆஸ்பத்திரி, நிலவழகன், யார் வீட்டுக் கதையோபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வெடுக்கென்று நிமிர்ந்தாள். "நான் தாலியத் தொட்டேனேடா. அப்ப அவரு உசுரோட இருந்தாரா?"

 இருந்தார் என்ற ஒரு சொல்லை முத்துராஜால் சொல்ல முடியவில்லை. கண்ணாத்தாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் விட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

"இருந்தாரு மதினி" என்றாள் சொர்ணவல்லி. அவள் குரல் பிசகவே இல்லை. "தாலி ஏறுன பொறகுதான் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

கண்ணாத்தாள் அவளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பன்னா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.