பெரட்டுக்கு வராத விசிறி

1

இந்தக் கதை என்னிடம் ஆள் மாறி வந்தது. மலேசியாவின் தம்பின் ஊரில் எங்கள் அடுக்குமாடியின் கீழ் வீட்டில் இருக்கும் மரியகொரெட்டி அக்கா ஒருநாள் கதவைத் தட்டினார்.

"கேரல், நீ கதை எழுதுறதெல்லாம் கம்ப்யூட்டர்லதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப கம்ப்யூட்டர் ரிப்பேரும் தெரியும்தானே லா. வா."

மேசைமேல் படுக்கை வாக்கில் ஒரு பழைய கணினி. நாங்கள் இருவரும் வளர்ந்த தோட்டத்தின் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அடித்துத் தேய்த்துக் கழித்ததை, அக்காவின் கணவர் அலெக்சாண்டர் அண்ணன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தோட்டத்தை விட்டு வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"உள்ள படம் இருக்கு. தோட்டத்துக் கோயில்ல கடைசி மாதா திருவிழா. அவருதான் புடிச்சாரு. அதனால அவரு படத்துல இருக்க மாட்டாரு. கொரலு மட்டும் கேக்கும்."

அண்ணன் போன வருடம் இறந்துபோனார். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை.*

* ஹார்ட் டிஸ்க் வட்டை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டலாமே என்று கேட்கும் விவரமான வாசகருக்கு: நானும் அதைத்தான் சொன்னேன். "அவரு தொட்ட பெட்டியிலதான் பாப்பேன்" என்றார் அக்கா. நீங்களே வந்து பேசிப் பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: ரப்பர் காட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், மரியகொரெட்டி

(அடித்துவிட்டேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைதான். தோட்டம் என்று எழுதினாலே கை தானாக ரப்பருக்குப் போகிறது. பழக்கம்.)

இரண்டாவது வரைவில் அலெக்சாண்டர் அண்ணனை உயிரோடு வைத்தேன். அவரே பெட்டியைப் பிரித்தார், வாயால் ஊதினார், "முடிஞ்சது லா" என்றார். கதையும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. கதை என்று பார்த்தால் அது தேறாது. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

3

தோட்டத்தில் விடியற்காலையில் கண்காணியான மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பதைப் பெரட்டு என்போம். கணினியும் எழுந்தவுடன் அதைத்தான் செய்கிறது. எல்லா உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. இந்தக் கணினியில் எல்லாம் வந்தன, விசிறி வரவில்லை. விசிறி சுற்றாததால் சூடேறும். சூடு தொண்ணூறைத் தாண்டியதும் தானாக அணைந்துவிடும். இப்படியே அணைந்துகொண்டிருந்தால் ஒருநாள் எழுந்திருக்காது.

பெட்டியைப் பிரித்தேன். தூசி தட்டினேன். சில்லுக்கும் அதன் உலோகத் தகட்டுக்கும் நடுவில் பூசும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. போனில் ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகப் பூசினேன். விசிறியின் நடுவிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அதுவும் பழைய பசைதான் என்று மேலோடு சுரண்டிவிட்டேன். விரலால் தள்ளியும் விசிறி அசையவில்லை. இந்த அளவு விசிறி இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மூடியைத் திறந்தே வைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி, மறுபடி போட்டேன். திரையில் சூடு காட்டும் பக்கம் வந்தது. ஐம்பத்தெட்டு. அறுபத்தேழு.

அக்கா பெட்டியின் ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"காச்சல் ஏறுது கேரல்."

எழுபத்தைந்து. எண்பத்திரண்டு. அணைக்கலாம் என்று கையை நீட்டியபோது ஒரு வாசனை வந்தது. தீய்ந்த வாடை இல்லை. எங்கள் கோயில் வாசனை. தேர் கிளம்பும் முன்பு எல்லோரும் கையில் பிடித்து நிற்போமே, அந்த வாசனை.

விசிறி ஒருமுறை உதறியது. நின்றது. பிறகு சுற்ற ஆரம்பித்தது.

"மெழுகு!" என்றேன். "அக்கா, இது பசையில்ல, மெழுகு! இதுமேல என்னா வச்சீங்க?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாதா சுரூபம். தோட்டத்து லைன் வீட்டுல வேற எடம் ஏது? அந்திக்கு செபமால சொல்றப்ப மெழுகுவத்தியும் அங்கதான் ஏத்துவேன். ஐயோ, அவரு தெனமும் கத்துவாரு லா!"

மூடியின் காற்றுத் துளை வழியாகச் சொட்டி இறுகியது, இன்று அதே பெட்டியின் சூட்டில் இளகிவிட்டது. எழுபது. அறுபத்து மூன்று. ஐம்பது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் மூடியை மாட்டினேன்.

4

முடிவுகள்:

(அ) படம் கெட்டுப்போயிருந்தது. (வேண்டாம். அக்கா இதைப் படிப்பார்.)

(ஆ) படத்தை என் போனுக்கு மாற்றினேன், எல்லோரும் மகிழ்ந்தார்கள். (மாற்றினேன்தான். ஆனால் அது மறுநாள்.)

(இ) நடந்தது. திரையில் கோயில் வாசல் தெரிந்தது. வெள்ளைச் சேலையில் இளவயதுக் கொரெட்டி அக்கா, பின்னால் பல்லில்லாமல் சிரிக்கும் ஒரு குட்டிப்பெண். அது நான். படம் நகரும் முன்பு அக்கா நிறுத்தச் சொன்னார்.

"இரு, சும்மா பாக்கக்கூடாது."

உள்ளே போய் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கையில் பிடித்து வந்தார். வைக்க இடம் தேடினார். மேசை முழுக்க என் திருப்புளிகள். கை தானாகப் பெட்டியின் தலைக்குப் போனது. பழக்கம்.

நான் தடுக்கவில்லை. படத்தை ஓட விட்டுவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். அந்த முதல் வார்த்தை அக்காவுக்கு மட்டும் உரியது.

கொதிக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கூடத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. என்ன சொன்னது என்று பிடிபடவில்லை. திருவிழாவில் யாரையோ அதட்டியிருக்கலாம், ஜெபம் சொல்லியிருக்கலாம். அந்த வரியை இங்கே காலியாக விடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

"                                        "

அதற்கு அக்கா சொன்ன பதில் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரி லா, வைக்கல."